கருக்கலைப்பின் அறம்: ஒரு வாசகர் வட்டத்தில் இந்த விவாதத்தை நடத்துவது எப்படி

திருகோணமலையில் கருக்கலைப்பைப் பற்றிய பேச்சு தொடங்கிய வேகத்திலேயே முடிந்துவிடுகிறது. அது கொலை என்று ஒருவர் சொல்ல, அது பெண்ணின் உரிமை என்று மற்றவர் சொல்ல, எங்கள் சமயத்தில் அதற்கு இடமில்லை என்று கூறி இன்னொருவர் எழுந்துவிடுகிறார். மூன்றும் முடிவுகள். அந்த முடிவுகளுக்கு எப்படி வந்தார்கள் என்பதை எவரும் கேட்பதுமில்லை, சொல்வதுமில்லை. ஆனால் கடந்த அரை நூற்றாண்டில் மெய்யியலாளர்கள் மிகக் கூர்மையாக வாதிட்ட விடயங்களில் இதுவும் ஒன்று. அந்த வாதங்களை விளங்கிக்கொள்ளச் சிறப்புப் பயிற்சி எதுவும் தேவையில்லை; உயர்தரத்தில் அளவையியல் கற்ற மாணவர் ஒருவர் பழகிய கருவிகளே போதும். வாசகர் வட்டத்திலோ, கோணேசபுரி வளாகத்து மாணவர் ஒன்றுகூடலிலோ, உயர்தர வகுப்பிலோ இந்த விவாதத்தை ஒழுங்காக நடத்த விரும்புவோருக்காகவே இதை எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னதாக ஒரு சோதனையைக் கூறிவிடுகிறேன். எந்த வாதம் முன்வைக்கப்பட்டாலும், அதில் கருவும் பெண்ணும் ஆகிய இருவருமே கணக்கில் இருக்கிறார்களா என்று பாருங்கள். புகழ்பெற்ற வாதங்கள் பலவற்றில் இருவரில் ஒருவர் ஓசையின்றி மறைந்துவிடுகிறார். யார் மறைந்தார் என்பதைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டாலே விவாதத்தின் பாதியைக் கடந்துவிடலாம்.

அமர்வுக்கு முன்

தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அருகருகே வாழும் மாவட்டம் இது. ஒரே சமூகத்தவர் மட்டும் கூடினால் ஒரே வகை எடுகூற்றுகள்தாம், அதாவது முடிவுக்கு அடிப்படையாக வைக்கும் கூற்றுகள்தாம், மேசைக்கு வரும். அவை எல்லோருக்கும் வெளிப்படையான உண்மைகளாகத் தோன்றிவிடும். எனவே கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் ஆகிய ஊர்களில் இருப்போரையும் அழையுங்கள். அவர்கள் இருட்டுமுன் பஸ்ஸில் வீடு திரும்பக்கூடிய நேரத்தில் அமர்வை வையுங்கள். ஆண்கள் மட்டும் அமர்ந்து இந்த விவாதத்தை நடத்துவதை நான் ஏற்கமாட்டேன். பெண்கள் வரவில்லையென்றால், ஏன் வரவில்லை என்று விசாரித்து, நேரத்தையோ இடத்தையோ மாற்றி, மீண்டும் அழையுங்கள்.

அமர்வில் ஒரு விதி கண்டிப்பாக இருக்கட்டும்: எவரும் எவரிடமும் சொந்த வாழ்க்கையைப் பற்றிக் கேட்கக் கூடாது. உறுதிப்படுத்தப்பட்ட கர்ப்பங்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்று முதல் ஐந்தில் ஒன்று வரை தாமாகவே கலைந்துவிடுகின்றன. ஆகவே உங்கள் முன்னால் இருப்பவர்களில் கருவை இழந்த பெண் ஒருவர் இருப்பதற்கான வாய்ப்பு மிக அதிகம். கலைத்துக்கொண்ட ஒருவரும் இருக்கலாம். அவர் சொல்லமாட்டார், சொல்லவும் வேண்டியதில்லை. விவாதம் கோட்பாடுகளைப் பற்றியது, அங்கு இருப்பவர்களைப் பற்றியதன்று என்பதைத் தொடக்கத்திலேயே கூறிவிடுங்கள். எவருக்கேனும் மருத்துவ உதவி தேவைப்பட்டால் அதற்குரிய இடம் வைத்தியசாலை. கரு கலைந்த பின்னர் கடும் இரத்தப்போக்கோ காய்ச்சலோ உள்ள பெண், காரணம் எதுவாயினும், உடனே அங்கு செல்ல வேண்டும் என்பதையும் தயங்காமல் சொல்லுங்கள்.

சொற்களிலும் சிறிது கவனம் வேண்டும். ‘குழந்தை’ என்று ஒரு தரப்பும் ‘திசு’ என்று மறுதரப்பும் சொல்லத் தொடங்கினால், நிறுவ வேண்டிய முடிவைச் சொல்லுக்குள்ளேயே ஒளித்துவைத்ததாகிவிடும். எல்லாக் கட்டங்களுக்கும் ‘கரு’ என்ற பொதுச்சொல்லைப் பயன்படுத்துவோம் என உடன்பட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வியைப் பிரியுங்கள்

கருக்கலைப்பு சரியா, தவறா என்பது ஒரே கேள்வியைப் போலத் தெரிந்தாலும் அதற்குள் மூன்று கேள்விகள் அடங்கியுள்ளன. கரு எத்தகையது, அதைக் கொல்வது யாரைக் கொல்வதாகும் என்பது முதலாவது. அது உயிர்வாழும் உரிமை உடையது என்றே வைத்துக்கொண்டாலும், அந்த உயிரைத் தாங்குவதற்குத் தன் உடலைத் தர ஒரு பெண் கடமைப்பட்டவளா என்பது இரண்டாவது. சட்டம் எதைத் தடுக்க வேண்டும், எதைத் தண்டிக்க வேண்டும் என்பது மூன்றாவது. இவற்றில் ஒன்றுக்குக் கண்ட விடை மற்றவற்றுக்குத் தானாக விடையாகிவிடாது. தவறான எல்லாவற்றையும் சட்டம் தண்டிப்பதில்லை. சட்டம் அனுமதிக்கும் எல்லாமும் நல்லவையாகிவிடுவதுமில்லை. இந்தப் பிரிவினையைப் பலகையில் எழுதிவையுங்கள். பேசுபவர் ஒரு கேள்வியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது பலகையைக் காட்டினால் போதும்.

முதற் கேள்வி: கரு யார்?

எல்லோருக்கும் தெரிந்த வாதத்தை முதலில் எழுதுங்கள். குற்றமற்ற மனிதரைக் கொல்வது தவறு. கரு ஒரு குற்றமற்ற மனிதர். ஆகவே கருவைக் கொல்வது தவறு. இரண்டு எடுகூற்றுகளும் ஒரு முடிவும் கொண்ட, பார்வைக்கு வாய்ப்பான நியாயத்தொடைதான். 1973 இல் அமெரிக்க மெய்யியலாளர் மேரி ஆன் வாரன் இதில் ஒரு விரிசலைச் சுட்டிக்காட்டினார். முதல் எடுகூற்றில் மனிதர் என்பது ஒழுக்க உரிமைகள் உடைய ஓர் ஆளைக் குறிக்கிறது. இரண்டாவதில் அதே சொல் மனித இனத்தைச் சேர்ந்த உயிரியைக் குறிக்கிறது. பொருள் மாறினால் அது நாற்பதப் போலி: மூன்று பதங்கள் இருக்க வேண்டிய இடத்தில், ஒரே சொல் இரு பொருளில் வந்து நான்கு பதங்களாகிவிடும் பிழை. உணர்வு, பகுத்தறிவு, தானே தொடங்கும் செயல், தொடர்பாடல், தன்னைப் பற்றிய எண்ணம் ஆகியவையே ஓர் ஆளின் அடையாளங்கள் எனவும், கருவில் இவை இல்லை எனவும் அவர் வாதிட்டார்.

இங்கே அவசரப்பட்டு அடுத்த பக்கத்துக்குப் போக வேண்டாம். அதே அளவுகோலைப் பிறந்து இரண்டு நாளான குழந்தையின்மீது வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். குழந்தையும் தேறாது. 1972 இல் எழுதிய மைக்கேல் டூலி இந்த விளைவிலிருந்து பின்வாங்கவில்லை. புதிதாகப் பிறந்த குழந்தைக்கும் உயிர்வாழும் உரிமை இன்னும் முழுமையாக இல்லை என்றே கூறினார். வாரன் அவ்வளவு தூரம் செல்ல விரும்பாமல், பிறந்த குழந்தையைப் பேணப் பிறர் இருக்கிறார்கள் என்பது போன்ற வேறு காரணங்களால் சிசுக்கொலையைத் தவறு எனக் காட்ட முயன்றார். அந்த முயற்சி எனக்குப் போதுமானதாகப் படவில்லை. பேண எவரும் இல்லாத குழந்தையைக் கொல்வதும் அதே அளவு கொடியது என்று நாம் உறுதியாக நினைக்கிறோம். அந்த உறுதிக்கு அவருடைய விளக்கம் ஈடுகொடுக்கவில்லை.

இப்போது மறுபக்கத்தின் மிக வலுவான வாதத்தைக் கொண்டுவாருங்கள். 1989 இல் டொன் மார்க்குவிஸ் முன்வைத்தது அது. அதில் சமய எடுகூற்று எதுவும் இல்லை. உங்களையோ என்னையோ கொல்வது ஏன் தவறு என்று அவர் கேட்கிறார். நாம் அனுபவிக்கவிருந்த எதிர்காலம் முழுவதும், அதன் மகிழ்ச்சிகளோடும் முயற்சிகளோடும் உறவுகளோடும், நம்மிடமிருந்து பறிக்கப்படுகிறது என்பதே அவர் விடை. கருவுக்கும் நம்முடையதைப் போன்ற எதிர்காலம் இருக்கிறது. ஆகவே அதைக் கொல்வதும் பெரும்பாலான சந்தர்ப்பங்களில் அதே அளவு தவறு. கருவுக்கு இன்று எண்ணம் உண்டா இல்லையா என்பது இந்த வாதத்துக்குத் தேவையே இல்லை. குழந்தையைக் கொல்வது ஏன் தவறு என்பதையும் இது எளிதாக விளக்கிவிடுகிறது.

இதற்கு எழுந்த எதிர்ப்புகளில் ஒன்றை மட்டும் விரிவாகப் பேசுங்கள். எதிர்காலத்தை இழப்பதற்கு அதை இழக்கும் ஒருவர் வேண்டும். கருக்கட்டலின் பின் ஏறத்தாழ 14 நாள் வரை ஒரு முளையம் பிரிந்து இரட்டையராக வளரக்கூடும். அப்படியானால் அந்த நாட்களில் எதிர்காலம் யாருடையது, ஒருவருடையதா, இருவருடையதா? இந்தக் கேள்வி மார்க்குவிஸின் வாதத்தை வீழ்த்திவிடுவதில்லை. ஆனால் அது எந்த நாளிலிருந்து பொருந்தத் தொடங்குகிறது என்று சொல்லும் சுமையை அவர்மீது வைக்கிறது.

நாட்களைப் பற்றிப் பேச்சு வந்ததும், வளர்ச்சிக் கட்டங்களைச் சரியாகத் தெரிந்துகொள்வது அவசியமாகிறது. கர்ப்பத்தின் ஏறத்தாழ 6 ஆம் வாரத்தில் இதயத்துடிப்பு ஸ்கேனில் தெரியத் தொடங்கும். முதல் தடவை கருவுற்ற பெண் பெரும்பாலும் 18 முதல் 20 வாரமளவில் அசைவை உணர்வாள். 24 ஆம் வாரமளவில் மூளையின் மேற்பட்டைக்குச் செல்லும் நரம்பிணைப்புகள் அமைகின்றன. தீவிர சிகிச்சை வசதி இருந்தால் 22 முதல் 24 வாரத்தில் பிறக்கும் குழந்தைகள் சிலரைக் காப்பாற்ற முடிகிறது. ஒவ்வொரு கட்டத்தையும் எல்லையாக முன்மொழிபவரிடம், இந்த உண்மை ஏன் ஒழுக்க வேறுபாட்டை உண்டாக்குகிறது என்று கேளுங்கள். கருப்பைக்கு வெளியே உயிர்வாழும் ஆற்றலே எல்லை என்று ஒருவர் சொன்னால், வெருகலில் ஒரு தாயின் வயிற்றில் இருக்கும் 23 வாரக் கருவும் கொழும்பில் நவீன சிகிச்சைப் பிரிவுக்கு அருகில் இருக்கும் 23 வாரக் கருவும் ஒழுக்க மதிப்பில் வேறுபடுகின்றனவா என்று கேட்க வேண்டிவரும். வைத்தியசாலையின் தூரம் ஒருவர் யார் என்பதைத் தீர்மானிக்க முடியாது. உணர்வு தோன்றுவதை எல்லையாக வைப்பவருக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் ஆழ்ந்த மயக்கத்தில் கிடப்பவரின் உரிமையை அவர் விளக்கியாக வேண்டும்.

சமய நிலைப்பாடுகளை இந்த இடத்தில் பேசுவது நல்லது. அவற்றை ஒதுக்கிவைத்தால் பலர் வாய்மூடிவிடுவார்கள். தீர்ப்பாக ஏற்றுக்கொண்டாலோ மற்றவர்கள் வாய்மூடிவிடுவார்கள். ஒவ்வொரு மரபும் தனக்குள் நீண்ட காலம் வாதிட்டிருக்கிறது என்பதைக் காட்டுங்கள். கர்ப்ப உபநிடதம் ஏழாம் மாதத்தில் சீவன் சேர்வதாகக் கூறுகிறது. ஆயினும் தரும சாத்திரங்கள் கருவை அழிப்பதைப் பெரும்பாவமாகவே வைக்கின்றன. மாணிக்கவாசகர் போற்றித் திருவகவலில் கருவிலிருக்கும் உயிர் மாதந்தோறும் தப்பிப் பிழைத்து வருவதைப் பாடும்போது, முதல் மாதத்திலேயே அங்கு ஓர் உயிர் போராடுவதாகக் காட்டி, பத்தாம் மாதத்தில் தாயும் அதுவும் சேர்ந்து படும் துன்பத்தையும் சொல்கிறார். இஸ்லாமியச் சட்ட மரபில் 120 நாளில் ஆன்மா ஊதப்படுவதாகக் கூறும் ஹதீஸ் (நபிமொழி) மையமானது. அங்குள்ள சட்டப் பிரிவுகளுள் ஹனபி அறிஞர்களில் ஒரு சாரார் அதற்கு முன்னர் தக்க காரணத்துக்காகக் கலைப்பதை அனுமதித்தனர். மாலிகிப் பிரிவு அறிஞர்களில் பெரும்பாலோர் மறுத்தனர். இடைக்காலக் கிறிஸ்தவ இறையியலாளர் தோமஸ் அக்குவைனஸ் அரிஸ்டோட்டிலைப் பின்பற்றி, பகுத்தறிவுள்ள ஆன்மா தாமதமாகவே சேர்கிறது என எண்ணினார். ஆயினும் கலைப்பைப் பாவமாகவே கருதினார். கத்தோலிக்கத் திருச்சபை ஆன்மா சேர்ந்த கரு, சேராத கரு என்ற வேறுபாட்டைத் தண்டனை விதிகளிலிருந்து நீக்கியது 1869 இல்தான். பிக்குகளுக்கான ஒழுக்க விதிகளாகிய பௌத்த விநயம் தாயின் வயிற்றில் முதல் உணர்வு தோன்றும் கணத்திலிருந்தே மனித உயிரைக் கணக்கிடுகிறது. கருக்கலைப்புக்கு உதவும் பிக்கு சங்கத்தில் இருக்கும் தகுதியை இழக்கிறார். இவற்றை அடுத்தடுத்துக் கேட்கும்போது, எல்லாச் சமயங்களும் இதையே சொல்கின்றன என்ற கூற்று எவ்வளவு மேலோட்டமானது என்பது தெளிவாகும்.

இனி, கருவும் பெண்ணும் இருவருமே கணக்கில் இருக்கிறார்களா என்ற தொடக்கச் சோதனையை வையுங்கள். வாரனின் அளவுகோலிலோ மார்க்குவிஸின் எதிர்காலத்திலோ பெண் எங்கே? இரண்டிலும் அவள் இல்லை. கரு ஒரு கண்ணாடிப் பேழையில் வளர்ந்திருந்தாலும் இந்த வாதங்கள் ஒரு சொல்லும் மாறாமல் நின்றிருக்கும்.

இரண்டாம் கேள்வி: ஓர் உடல் யாருக்குக் கடன்பட்டது?

அமர்வின் பெரும் பகுதியை இதற்கே ஒதுக்குங்கள். நம் ஊரில் மிகக் குறைவாகப் பேசப்படுவது இதுதான்.

1971 இல் ஜூடித் ஜார்விஸ் தொம்சன் எழுதிய கட்டுரை, எதிர்த்தரப்புக்கு அது கேட்டதையெல்லாம் கொடுத்துவிட்டுத் தொடங்குகிறது. கரு முதல் கணத்திலிருந்தே முழு உரிமையுள்ள ஓர் ஆள் என்றே வைத்துக்கொள்வோம் என்கிறார் அவர். பின்னர் ஒரு கற்பனை. நீங்கள் காலையில் கண்விழிக்கும்போது, நினைவிழந்து கிடக்கும் புகழ்பெற்ற வயலின் கலைஞர் ஒருவரின் இரத்தவோட்டம் உங்கள் சிறுநீரகங்களோடு இணைக்கப்பட்டிருக்கிறது. இசை ஆர்வலர்கள் உங்களைக் கடத்திவந்து அவ்வாறு செய்திருக்கிறார்கள். ஒன்பது மாதம் பொறுத்தால் அவர் பிழைப்பார்; இணைப்பைத் துண்டித்தால் இறப்பார். அவருக்கு உயிர்வாழும் உரிமை உண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த உரிமை உங்கள் சிறுநீரகத்தைப் பயன்படுத்தும் உரிமையையும் உள்ளடக்குகிறதா? இல்லை என்பது தொம்சனின் விடை. உயிர்வாழும் உரிமை என்பது அநியாயமாகக் கொல்லப்படாமல் இருக்கும் உரிமையே. பிறர் உடலின்மீது உரிமை அதனால் வந்துவிடாது.

கேட்டவுடன், இது பாலியல் வல்லுறவுக்கு மட்டுமே பொருந்தும் உவமை என்று எவராவது சொல்வார். அது நல்ல எதிர்ப்பு. அதை முழுமையாக வளர்க்க விடுங்கள். கடத்தப்பட்டவர் எதற்கும் உடன்படவில்லை. ஆனால் பெரும்பாலான கர்ப்பங்கள் விரும்பிய உறவிலிருந்து வருகின்றன. தன் செயலால் இன்னொருவரை உதவி தேவைப்படும் நிலையில் வைத்தவருக்குப் பொறுப்பு உண்டல்லவா? தொம்சன் இதை முன்னரே எண்ணிப்பார்த்திருந்தார். காற்றுக்காகச் சாளரத்தைத் திறந்தவர், அதன் வழியே உள்நுழைந்தவருக்கு வீட்டில் தங்கும் உரிமையைக் கொடுத்துவிட்டாரா என்று கேட்டார். இந்த விடை எனக்கு முழுமையாகப் படவில்லை. உள்நுழைந்தவர் தானாக நடந்துவந்தவர். கரு அப்படி வந்ததன்று. வயலின் கலைஞர் அந்நியர், கரு தன் பிள்ளை என்ற எதிர்ப்பு இதைவிட வலியது. அதற்கு நானறிந்த சிறந்த மறுமொழி, இன்னொரு கேள்வி: தன் பிள்ளைக்குச் சிறுநீரகம் தேவைப்படும்போது தந்தை ஒருவர் கொடுக்க மறுத்தால் நாம் அவரைக் கண்டிப்போம், ஆனால் அவரைப் பிடித்துச் சத்திரசிகிச்சை மேசையில் கிடத்தும் உரிமை நமக்கு உண்டா? பெற்றோரின் கடமை உடலின் உட்புறம்வரை செல்லும் என்றால், அது தாய்க்கு மட்டும் ஏன்?

கொல்வதற்கும் சாகவிடுவதற்கும் உள்ள வேறுபாடு அடுத்தது. இணைப்பைத் துண்டிப்பது உதவியை நிறுத்துவது. கருக்கலைப்பு பல சமயங்களில் நேரடியாகக் கொல்வது என்று எதிர்த்தரப்பு கூறும். பிலிப்பா ஃபூட் 1967 இல் கருக்கலைப்பையும் இரட்டை விளைவுக் கோட்பாட்டையும் (ஒரு செயலில் நோக்கிய விளைவுக்கும், முன்கூட்டியே தெரிந்தும் நோக்காத விளைவுக்கும் ஒழுக்க வேறுபாடு உண்டு என்னும் கோட்பாடு) பற்றி எழுதிய கட்டுரையிலிருந்தே இந்த வேறுபாடு புதிய வடிவில் விவாதிக்கப்படுகிறது. பிரேக் இழந்து ஓடும் டிராம் வண்டி பற்றிய பெயர்பெற்ற புதிரும் அங்கேதான் தோன்றியது. நேரம் குறைவாக இருந்தால் இதை மேலோட்டமாகக் கடந்து செல்லலாம்.

கடக்கக் கூடாதது, தொம்சன் தாமே வைத்துக்கொண்ட எல்லைகள். ஒன்பது மாதத்துக்குப் பதிலாக ஒரு மணி நேரமே தேவைப்பட்டால், அதை மறுப்பது உரிமை மீறலாகாவிட்டாலும் இரக்கமற்ற செயல் என்கிறார். கருவைத் தாங்க மறுக்கும் உரிமை அதன் சாவை உறுதிசெய்யும் உரிமையாகாது என்றும் கூறுகிறார். பிரிக்கப்பட்ட கரு உயிருடன் இருந்தால் அதைக் கொல்லக் கோர முடியாது. பெண்ணுரிமைத் தரப்பில் பேசுபவர்கள் இந்தப் பகுதியைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். இங்கும் சோதனையை வையுங்கள்: தொம்சனின் கதையில் பெண் முழுமையாகத் தெரிகிறாள், கருதான் வளர்ந்த கலைஞராக உருமாறி, தாயோடு உறவற்ற அந்நியராகக் கட்டிலில் கிடக்கிறது.

உரிமையைக் கடந்து ஒரு சூழ்நிலை

ரோசலிண்ட் ஹர்ஸ்ட்ஹவுஸ் 1991 இல் இந்த இரு கேள்விகளையும் தாண்டி வேறொன்றைக் கேட்டார். ஓர் உரிமையைப் பயன்படுத்தும்போதே ஒருவர் கொடூரமாகவோ, சுயநலமாகவோ, விளையாட்டுத்தனமாகவோ நடக்க முடியும். ஆகவே உரிமை உண்டா என்பதோடு நிற்காமல், இந்தச் சூழ்நிலையில் இந்தப் பெண் இதைச் செய்வது எத்தகைய செயல் என்று கேட்க வேண்டும். அற்பக் காரணத்துக்காகக் கலைப்பதும், சுமை தாங்க முடியாத நிலையில் கலைப்பதும் ஒரே செயல் அல்ல. கருவின் முடிவை ஒரு பொருட்டாகவே கருதாத மனநிலையை அவர் குறையாகக் கண்டார். அதே வேளையில், நல்ல பெண்ணொருத்தி துயரத்தோடு இந்த முடிவை எடுக்கக்கூடும் என்பதையும் மறுக்கவில்லை. கருவும் பெண்ணும் சேர்ந்து தெரியும் முதல் வாதம் இதுவே என்பதால் எனக்கு இது நெருக்கமானது.

இதைப் பேச ஒரு கற்பனைச் சூழ்நிலையைக் கொடுங்கள். மூதூர்ப் பக்கத்தில், நாற்பதை நெருங்கும் ஒரு தாய். கணவர் கத்தாரில் கூலி வேலை. பணம் சில மாதங்களில் வரும், சிலவற்றில் வராது. மூன்று பிள்ளைகள், அவர்களுள் ஒருவருக்கு நாள் முழுதும் பராமரிப்பு தேவை. கணவர் விடுமுறையில் வந்துபோன பின்னர் அவள் கருவுற்றிருக்கிறாள். சட்டத்தை விட்டுவிட்டு, அவள் என்ன செய்வது அறம் என்று கேளுங்கள். பின்னர் ஒவ்வோர் அம்சமாக மாற்றுங்கள்: கணவர் வற்புறுத்துகிறார், மாமியாரும் அயலவரும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள முன்வருகிறார்கள், கருவில் கடும் குறைபாடு தெரிகிறது, கரு பெண் என்பதாலேயே வேண்டாம் என்கிறார்கள். இந்தக் கடைசி மாற்றம் எல்லாத் தரப்பையும் தடுமாற வைக்கும். உடல் தன்னுடையது என்பதே போதிய காரணம் என்றவர், பாலினத் தெரிவை எந்த அடிப்படையில் எதிர்ப்பார்? ஹர்ஸ்ட்ஹவுஸிடம் விடை உண்டு: அந்தத் தெரிவில் வெளிப்படும் மனப்பான்மையே குறை. உரிமை மொழியில் மட்டும் பேசுபவர் அந்த விடையைத் தேடித்தான் ஆக வேண்டும்.

அயலவர் உதவ முன்வரும் மாற்றத்தில் சற்று நேரம் தங்குங்கள். உதவி கிடைத்தால் நம் தீர்ப்பு மாறுகிறது என்றால், உதவாமல் இருந்த நாமும் அந்தச் செயலின் காரணங்களுள் ஒருவராகிறோம். போருக்கும் 2004 ஆழிப்பேரலைக்கும் பின்னர் பெண்கள் தனித்துத் தாங்கிய குடும்பங்கள் எத்தனை என்பதை அறிந்த இந்த மாவட்டத்தவர், கருவின் உரிமையை உரக்கச் சொல்லும்போது அந்த உரிமையைத் தாங்கும் செலவை யார்மீது வைக்கிறோம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மூன்றாம் கேள்வியை இன்னோர் அமர்வுக்கு வையுங்கள்

சட்டத்தைப் பேசுவதற்கு முன் அது என்ன சொல்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையின் 303 ஆம் பிரிவின்படி, தாயின் உயிரைக் காப்பாற்றும் நன்னோக்கத்தோடு அன்றி வேறு எக்காரணத்துக்காகவும் கருவைக் கலைப்பது இலங்கையில் குற்றம். தண்டனை மூன்று ஆண்டுவரை; அசைவு உணரப்பட்ட கருவெனில் ஏழு ஆண்டுவரை. தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் இதற்குள் அடங்குவாள். கரு வளர வளர அதன் கனதியும் கூடுகிறது என்ற எண்ணம் இந்தப் பழைய சட்டத்துக்குள்ளேயே இருப்பதைக் கவனியுங்கள். பாலியல் வல்லுறவு, கருவின் கடும் குறைபாடு போன்றவற்றுக்கு விதிவிலக்கு அளிக்கும் முயற்சிகள் 1995 இலும் 2017 இலும் எடுக்கப்பட்டு, எதிர்ப்பின் காரணமாகச் சட்டமாகாமல் நின்றன. இந்தியாவில் 1971 இன் சட்டமும் அதன் 2021 திருத்தமும் குறிப்பிட்ட வகையினருக்கு 24 வாரம்வரை அனுமதிக்கின்றன.

அந்த அமர்வைத் தொடங்க என்னிடம் ஒரு கேள்வி உண்டு. வல்லுறவால் உண்டான கருவைக் கலைக்க அனுமதிக்கலாம், மற்றவற்றைக் கூடாது என்று சொல்பவர்கள் நம்மிடையே மிகப் பலர். அவர்களிடம், அந்தக் கரு மற்றக் கருக்களிலிருந்து எந்த வகையில் வேறுபட்டது என்று கேளுங்கள். கருவில் எந்த வேறுபாடும் இல்லை. அதன் உயிர், அதன் எதிர்காலம், அதன் ஆன்மா எல்லாம் ஒன்றே. வேறுபாடு முழுவதும் பெண்ணின் பக்கத்தில், அவள் உடன்படவில்லை என்பதில் இருக்கிறது. ஆகவே இந்த விதிவிலக்கை ஏற்பவர், கருவின் உரிமை மட்டுமே தீர்மானிப்பதில்லை என்பதை ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டார். அவருடைய உடன்பாடு என்ற அளவுகோல், தவறிய கருத்தடைக்கும், மறுக்க முடியாத கணவருக்கும், பதினைந்து வயதுச் சிறுமிக்கும் எவ்வளவு தூரம் நீளும் என்பதை அவரே சொல்லட்டும். விதிவிலக்கை ஏற்க மறுப்பவரோ, அந்தச் சிறுமியின் முகத்தைப் பார்த்து எந்த எடுகூற்றைச் சொல்வார் என்பதை எழுதித் தரட்டும்.